இருபது ஆண்டு கழித்து வந்த விடை

ஒரு காரியம் முடிவில்லாமல் இழுத்துக்கொண்டே போனால் 'கன்னித்தீவு மாதிரி' என்று சொல்வது தமிழ்ப் பேச்சில் ஊறிப்போன வழக்கம். தினத்தந்தியின் பெங்களூரு பதிப்பை அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ டீக்கடையில் புரட்டுகிறவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. மந்திரவாதி மூசா சுருக்கிவிட்ட லைலாவை மீண்டும் பழைய உருவத்துக்குக் கொண்டுவர சிந்துபாத் புறப்பட்டு அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. முதலில் போட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. வாசகர்களும் அதற்கு விடை கேட்டு அடம்பிடிப்பதில்லை. நாளொரு தீவு, நாளொரு அரக்கன் என்று படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள்.

ஆனால் தமிழ்க் காமிக்ஸ் வாசகர்கள் கணக்கு வைத்துக்கொண்டு காத்திருந்த கதைகளும் உண்டு. எப்போதோ ஒரு கட்டத்தில் வந்துபோன பொருள், பெயர், தழும்பு, வாக்குறுதி பல ஆண்டுகள் கழித்துத் திரும்பி வரும். வந்ததும் பழைய கட்டத்தின் பொருளே மாறிவிடும். இது சில கதைகளில் நெஞ்சை உலுக்குகிறது, சிலவற்றில் ஏமாற்றமாக முடிகிறது. காரணம் என்ன என்பது ஒரு கேள்வி. மொழிபெயர்ப்பும் காகித விலையும் தபாலும் சேர்ந்து தீர்மானித்த தமிழ்க் காமிக்ஸ் சூழலில் இந்தக் காத்திருப்பு எப்படி இயங்கியது என்பது அதையொட்டிய இன்னொரு கேள்வி. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

உத்தி நமக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்தில் மதுரை எரிந்த பிறகு மதுராபதித் தெய்வம் கண்ணகியின் முன் வந்து, கோவலன் முற்பிறப்பில் கலிங்க நாட்டில் சங்கமன் என்ற வணிகனின் சாவுக்குக் காரணமாக இருந்ததையும், சங்கமனின் மனைவி நீலி இட்ட சாபத்தையும் சொல்கிறது. அந்த இடத்தை மட்டும் படித்தால், கடைசி நேரத்தில் வலிந்து செருகிய காரணம் போலத் தோன்றும். ஆனால் புகார்க் காண்டத்திலேயே, கண்ணகி தன் கெட்ட கனவைத் தேவந்தியிடம் சொல்லும்போது, முற்பிறப்பில் ஒரு நோன்பு தவறியதாகத் தேவந்தி பதில் சொல்கிறாள். அங்கே அது தோழியின் ஆறுதல் பேச்சாகக் கடந்துபோகிறது. மதுரை எரிந்தபின் திரும்பிப் படித்தால் அந்தப் பேச்சின் எடை வேறு. நான் பயன்படுத்தப் போகும் அளவுகோல் இதுதான்: விடை தெரிந்த பிறகு பழைய இடத்துக்குப் போனால், ஒரு சொல்லும் மாறாமல் அந்த இடம் வேறாகியிருக்க வேண்டும்.

தமிழ்க் காமிக்ஸில் இந்த அளவுகோலுக்கு முதலில் உட்பட வேண்டியது 'இரத்தப் படலம்'. ழான் வான் ஹாம் எழுதி வில்லியம் வான்ஸ் வரைந்த 'XIII' தொடர் 1984-ல் ஆல்பமாக வரத் தொடங்கியது. தலையில் குண்டுக் காயத்தோடு கடற்கரையில் ஒதுங்கும் ஒருவனை ஒரு முதிய தம்பதி காப்பாற்றுகிறார்கள். தான் யார் என்பது அவனுக்கு நினைவில்லை. காறையெலும்புக்கு அருகே பச்சை குத்திய ரோமானிய எண் 13, சட்டையில் இருந்த ஒரு புகைப்படம், இவ்வளவுதான் அவன் கையில் இருப்பது. சிவகாசியிலிருந்து எஸ். விஜயன் 1984-ல் தொடங்கிய லயன் காமிக்ஸ், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள்ளாகவே இந்தக் கதையைத் தமிழுக்குக் கொண்டுவந்துவிட்டது. ஆங்கிலத்தில் சினிபுக் நிறுவனம் இத்தொடரை வரிசையாக வெளியிடத் தொடங்கியது 2010-ல்தான். பிரிகேட் ரோட்டிலும் சர்ச் ஸ்ட்ரீட்டிலும் ஆங்கிலப் புத்தகம் வாங்கும் பெங்களூரு வாசகருக்கு அந்தக் கதை புதிதாகக் கிடைத்தபோது, இதே ஊரில் சந்தா கட்டித் தமிழில் வாசித்தவர்கள் இருபது ஆண்டுகளாக அந்தப் பச்சைக்குத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்கள். தமிழ் வாசகர் இந்த அளவு முந்திக்கொண்ட இடங்கள் அதிகமில்லை. இதை நாம் போதிய அளவு பெருமையாகச் சொல்லிக்கொள்ளவில்லை என்பது என் எண்ணம்.

அந்த எண்ணுக்கு வரும் விடை அற்புதமானது. அமெரிக்க ஜனாதிபதியைக் கொன்ற சதிக்குழுவில் இருபது பேர், ஆளுக்கொரு எண். பதின்மூன்றாம் ஆள் ஸ்டீவ் ரோலண்ட். நம் கதாநாயகனுக்கு முகமாற்று சிகிச்சை செய்து, ரோலண்டின் இடத்தில் அனுப்பி, சதிகாரர்களைக் கண்டுபிடிக்கப் போட்ட திட்டத்தின் மிச்சம்தான் அவன் உடம்பில் இருக்கும் பச்சைக்குத்து. தன்னை அறிய அவனுக்கு மிஞ்சிய ஒரே தடயமே அவனுடையதில்லை. இதைத் தெரிந்துகொண்டு முதல் ஆல்பத்துக்குத் திரும்பினால், முதிய தம்பதியின் வீட்டில் அவன் அந்த எண்ணைக் கண்டெடுக்கும் கட்டம் முழுக்க வேறாகிவிடுகிறது. முதல் வாசிப்பில் அது துப்பு. மறுவாசிப்பில், ஒரு மனிதன் அடுத்தவன் பெயரைத் தன்னுடையது என்று நம்பத் தொடங்கும் நொடி. படத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை.

குழுவின் முதல் எண் யார் என்பது 1991-ல் வந்த எட்டாம் ஆல்பத்தில் வெளிப்படுகிறது. (இன்னும் படிக்காதவர்களுக்காகப் பெயரை விட்டுவிடுகிறேன்.) கதை அங்கே நின்றிருந்தால் காமிக்ஸ் வரலாற்றின் மிகச் சுத்தமான முடிவுகளில் ஒன்றாக இருந்திருக்கும். ஆனால் வான் ஹாமின் கையில் தொடர் 2007 வரை, 19 ஆல்பங்களுக்கு நீண்டது. ஒவ்வொரு கட்டத்திலும் நாயகனுக்கு இன்னொரு பெயர், இன்னொரு நாடு, இன்னொரு இளமைக் காலம். 2007-ல் வந்த 18-ஆம் ஆல்பத்தை ழான் ஜிரோ வரைந்தார். நாயகனின் அயர்லாந்துத் தொடர்பைச் சொல்லும் அது அழகான புத்தகம். என்றாலும் ஒரு விடை இன்னொரு விடையை அழிக்கும்போது, பழைய கட்டங்களைத் திரும்பிப் பார்க்கும் ஆசை வாசகனுக்குக் குறைகிறது. அடுத்த ஆல்பம் இதையும் மாற்றிவிடும் என்று தெரிந்த பிறகு எதை நினைவில் வைப்பது? முதல் எட்டு ஆல்பங்களையும் பின்னால் வந்தவற்றையும் ஒரே தராசில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

தமிழில் இந்தக் காத்திருப்பு இரட்டிப்பானது. எழுத்தாளர் தாமதித்தது ஒரு பங்கு; பதிப்புச் சூழல் தாமதித்தது மறு பங்கு. ஒரு பாகத்துக்கும் அடுத்ததற்கும் இடையே மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் ஓடின. இடையில் டெக்ஸ் வில்லரும் லக்கி லூக்கும் மாடஸ்டியும் வந்துபோனார்கள். முன்கதைச் சுருக்கம் என்று அரைப் பக்கம் போட்டால், எந்தத் துப்பு முக்கியம் என்பதை அந்த அரைப் பக்கமே காட்டிக்கொடுத்துவிடும். போடாவிட்டால் புதிய வாசகருக்கு ஒன்றும் புரியாது. அளவும் ஒரு பிரச்சினை. பிரெஞ்சு ஆல்பத்தின் பெரிய வண்ணப் பக்கத்தைக் கறுப்பு-வெள்ளையில் பாக்கெட் சைஸுக்கு இறக்கும்போது கட்டங்களைப் பிரித்து அடுக்க வேண்டும். பக்கத்தின் ஓரத்தில், பின்னணியில், நிறத்தில் ஒளித்து வைத்த குறிப்புகளில் சில அந்த வெட்டலில் காணாமல் போகும். அப்படி இருந்தும் தமிழ் வாசகர்கள் கதையைப் பின்தொடர்ந்தார்கள் என்றால், நூலை விடாமல் பிடித்திருந்தது வாசகர் நினைவுதான். 'ஹாட்லைன்' பகுதியில் ஆசிரியர் எழுதுவதும், அடுத்த பாகம் எப்போது என்று வாசகர்கள் கடிதத்தில் நச்சரிப்பதும் அந்த நினைவைக் காத்த ஏற்பாடுகள்.

பெங்களூரில் அந்த நினைவுக்கு இன்னொரு வேலையும் இருந்தது: விட்டுப்போன இதழைத் தேடுவது. அவென்யூ ரோட்டின் பழைய புத்தகக் கடைகளில் கன்னட, ஆங்கிலப் பாடப்புத்தகக் கட்டுகளுக்கு நடுவே அட்டை கிழிந்த தமிழ்க் காமிக்ஸ் கிடைக்கும். எந்த எண் என்பது கிடைப்பவரின் அதிர்ஷ்டம். ஐந்தாம் பாகத்தை முதலில் படித்துவிட்டு இரண்டாம் பாகத்துக்கு வருகிறவருக்கு விடை முன்னால், கேள்வி பின்னால். ஆசிரியர் திட்டமிட்ட வரிசை அவருக்குக் கிடைப்பதே இல்லை. ஆனாலும் அவருடைய வாசிப்பைக் குறைபட்டதென்று சொல்லமாட்டேன். விடை தெரிந்த கண்ணோடு கேள்வியைப் பார்ப்பது, நல்ல கதையாக இருந்தால், தனி இன்பம். 2012-ல் பெங்களூருக்குக் காமிக் கான் வந்தபோது லயன்-முத்து காமிக்ஸும் அங்கே கடை விரித்தது. ஓசூரிலிருந்தும் தமிழ்நாட்டின் பிற ஊர்களிலிருந்தும் பெங்களூருக்கு வேலைக்கு வந்த ஒரு தலைமுறைக்கு, சிறுவயதில் பாதியில் நின்ற கதைகளின் மீதி கண்ணெதிரே வந்த இடம் அது.

தாமதத்துக்குக் கதைக்கு வெளியே காரணம் இருந்ததற்குச் சிறந்த சான்று 'மின்னும் மரணம்'. ழான்-மிஷேல் ஷார்லியே எழுதி ஜிரோ வரைந்த 'புளூபெர்ரி'யைத் தமிழ் வாசகர்கள் கேப்டன் டைகராக அறிவார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்ற தென்னகப் படையின் தங்கத்தைத் தேடிப் போகிற டைகர், அதைத் திருடியதாகவே குற்றம் சாட்டப்படுகிறார். ஜனாதிபதி கிராண்டைக் கொல்லும் சதியும் அவர் தலையில் விழுகிறது. தங்க வேட்டை பிரெஞ்சில் 1973-ல் தொடங்கியது. 1975-ல் டைகர் ஓடி ஒளியும் நிலையில் கதை நின்றது. எழுத்தாளரும் ஓவியரும் பதிப்பாளரோடு பிணங்கியதால் அடுத்த ஆல்பம் 1980-ல்தான் வந்தது. அவர்மீதான பழி துடைக்கப்படுவது 1986-ல். 1989-ல் ஷார்லியே இறந்துவிட, 1990-ல் வந்த 'அரிசோனா லவ்' ஆல்பத்தை ஜிரோவே முடித்தார்.

இந்த இடைவெளி ஓவியத்தில் அப்படியே தெரிகிறது. 1973-ன் ஜிரோவும் 1980-ன் ஜிரோவும் ஒரே கையால் வரைந்தவர்கள் என்று நம்புவது கடினம். நடுவில் அவர் மோபியஸ் என்ற பெயரில் வேறு உலகங்களை வரைந்துவிட்டு வந்திருக்கிறார். டைகரின் முகத்தில் விழுந்த சுருக்கங்கள் கதையின் ஆண்டுகளைக் காட்டுகின்றன, ஓவியரின் ஆண்டுகளையும் காட்டுகின்றன. பழி நீங்கும் இடத்தில் வாசகருக்கு வரும் பெருமூச்சில் பாதி அந்த முகத்தால் வருவது. திட்டமிட்டு யாராலும் இதைச் செய்திருக்க முடியாது. தமிழில் பிரிந்து பிரிந்து வந்த இந்தக் கதை 2015-ல் வண்ணத்தில் ஒரே தொகுப்பாக வந்தபோது, இந்த முகமாற்றம் முதன்முறையாக ஒரே மூச்சில் கண்ணில் பட்டது.

பெயர் மாற்றம் சில விடைகளைத் தின்றுவிடும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். நாயகனின் இளமைக் கதையில், மைக் டோனோவன் என்ற தென்னக இளைஞன் தன் உண்மைப் பெயரை மறைக்க வேண்டிய நேரத்தில் எதிரே இருந்த புளூபெர்ரிச் செடியைப் பார்த்து அந்தப் பெயரைச் சொல்லிவிடுகிறான். தொடர் வந்து சில ஆண்டுகள் கழித்துக் கிடைத்த விடை இது. நாயகனை டைகர் ஆக்கிய பிறகு அந்த விடையை அப்படியே சொல்லத் தமிழில் வழியில்லை. டைகர் என்ற பெயர் வாசகர் நாவில் அழகாக ஒட்டிக்கொண்டது உண்மை. கொடுத்த விலை இது. 1964 மார்ச்சில் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸிலும் இதே சிக்கல். லீ ஃபாக்கின் ஃபேண்டம் கதைகளில் வரும் 'பெங்காலி' என்ற நாடு அங்கே 'டெங்காலி' ஆனது, சிங் கொள்ளையர்கள் 'சிங்கா' ஆனார்கள். இந்திய வாசகர் மனம் நோகக்கூடாது என்ற அக்கறை புரிகிறது. ஆனால் நீண்ட தொடரில் பெயர்தான் நூல். ஓரிடத்தில் அறுத்தால் இருபது கதை தள்ளி வரும் முடிச்சு அவிழாது.

ஃபேண்டத்தை விட்டுவிட்டு இந்த விஷயத்தைப் பேசவே முடியாது. இந்திரஜாலின் முதல் இதழே, தந்தையைக் கொன்றவன் கவர்ந்துபோன இடைவாரை மகன் மீட்கும் கதை. 1936-ல் தொடங்கிய தொடரில் டயானா பாமர் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறாள். திருமணம் 1977-ல். நாற்பத்தோரு ஆண்டுக் காத்திருப்பு! இதில் மர்மம் எதுவும் இல்லை, யார் யாரை மணப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படியும் அது வாசகர்களைத் தொட்டதற்குக் காரணம், தலைமுறை தலைமுறையாக மகன் தந்தையின் இடத்தை ஏற்கும் கதையில் திருமணம் நடக்காவிட்டால் அடுத்த ஃபேண்டம் கிடையாது என்பதுதான். தொடரின் அடிப்படை விதியே அந்தக் கல்யாணத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது.

எனக்கு மிகவும் பிடித்த வகை வேறு. எழுத்தாளர் போகிற போக்கில் விட்ட ஓட்டையை, பின்னாளில் அவரே கதையாக்குவது. 1948-ல் ஜான் லூயிஜி பொனெல்லியும் ஓவியர் கலெப்பினியும் இத்தாலியில் தொடங்கிய டெக்ஸ் வில்லரில், நவஜோ தலைவரின் மகள் லிலித்தை டெக்ஸ் மணக்கிறார். பிறகு அவள் கதையிலிருந்து மெல்ல மறைந்துவிடுகிறாள். மகன் கிட் வளர்ந்து தந்தையோடு குதிரை ஏறுகிறான், தாய் இறந்துவிட்டாள் என்ற அளவில் விஷயம் முடிகிறது. மாதாமாதம் சாகசம் எழுத வேண்டியவருக்கு, வீட்டில் காத்திருக்கும் மனைவி சௌகரியப்படவில்லை என்றே ஊகிக்கத் தோன்றுகிறது. ஆனால் 1969-ல் பொனெல்லி அந்த இடத்துக்குத் திரும்பினார். அம்மை நோய்க் கிருமி ஒட்டிய கம்பளிகளை வணிகர்கள் தெரிந்தே பழங்குடிகளுக்கு விற்றதால் லிலித் இறந்தாள், டெக்ஸ் பழிவாங்கச் சபதம் செய்தார் என்று அந்தக் கதை சொல்கிறது.

ஒரு சௌகரியத்துக்காக விட்ட மௌனம், இருபது ஆண்டு கழித்து, துக்கத்தின் மௌனமாகிவிட்டது. நடுவில் வந்த எத்தனையோ கதைகளில் டெக்ஸ் மனைவியைப் பற்றிப் பேசாததற்கு இப்போது காரணம் கிடைக்கிறது. எந்தப் பெண்ணோடும் அவர் நெருங்காததற்கும், நவஜோக்களை ஏமாற்றும் வணிகர்களிடம் மட்டும் அவர் கை மிஞ்சிப் போவதற்கும் சேர்த்தே காரணம் கிடைக்கிறது. முன்கூட்டியே திட்டமிட்ட மர்மத்தைவிட இது உயர்ந்தது என்று துணிந்து சொல்வேன். திட்டமிட்டவர் தன் கதையைத்தான் நினைவில் வைத்திருக்கிறார். பொனெல்லியோ, வாசகன் மனதில் எங்கோ இருந்திருக்கக்கூடிய ஒரு சிறு குறுகுறுப்பையும் மதித்திருக்கிறார்.

உலகின் பிற மூலைகளில் நடந்தவை இந்த வகைப்பாட்டில் எளிதாகவே பொருந்துகின்றன. பெங்களூரு கல்லூரி மாணவர்கள் கையில் இன்று அதிகம் புழங்கும் 'ஒன் பீஸ்' மங்காவில், 1999 வாக்கில் லபூன் என்ற திமிங்கிலம் வருகிறது. திரும்பி வருவோம் என்று சொல்லிப் போன மாலுமிகளுக்காக ஐம்பது ஆண்டுகளாக மலையில் தலையை முட்டிக்கொண்டு காத்திருக்கும் திமிங்கிலம் அது. 2008-ல் புரூக் என்ற எலும்புக்கூட்டு இசைக்கலைஞனின் கதையில் அந்த மாலுமிகள் என்ன ஆனார்கள் என்பது தெரிகிறது. எய்ச்சிரோ ஓடா அத்தனை ஆயிரம் பக்கங்களுக்கு முன் வைத்ததை மறக்கவில்லை, வாசகர்களும் மறக்கவில்லை. அமெரிக்காவில் கேப்டன் அமெரிக்காவின் தோழன் பக்கி உலகப் போரிலேயே இறந்துவிட்டான் என்று 1964-ல் சொன்னார்கள். 2005-ல் எட் புரூபேக்கர் அவனை உயிரோடு கொண்டுவந்தபோது சாவின் கனம் குறைந்ததாக முணுமுணுப்பு எழுந்தது. எனக்கும் அந்த மனத்தாங்கல் உண்டு. கதை நன்றாக அமைந்ததால் பொறுத்துக்கொண்டேன். ஹைமே ஹெர்னாண்டஸின் 'லவ் அண்ட் ராக்கெட்ஸ்' வேறு தளம். அங்கே பாத்திரங்கள் வாசகரோடு சேர்ந்து வயதாகிறார்கள். 2011-ல் முடிந்த 'தி லவ் பங்க்ளர்ஸ்' கதையில் எதிரெதிரான இரண்டு பக்கங்களில் மேகி, ரே இருவரின் முப்பது ஆண்டு வாழ்க்கைக் கணங்கள் கட்டம் கட்டமாக ஒன்றையொன்று பார்த்து நிற்கின்றன. வசனமே வேண்டியிருக்கவில்லை.

இனி இந்தக் காத்திருப்பு இருக்குமா? 'இரத்தப் படலம்' 2010-ல் 18 பாகங்கள் சேர்ந்த பெரிய கறுப்பு-வெள்ளை நூலாகவும், 2018-ல் வண்ணத்திலும் வந்தது. ஒரு நீண்ட விடுமுறையில் முழுவதையும் முடித்துவிடலாம். தாமதம் போய்விட்டால் அதன் பலனும் போய்விடுமே என்று பழைய வாசகர்கள் வருந்துவது நியாயம். மறுபக்கமும் இருக்கிறது. துப்பும் விடையும் ஒரே கையடக்கத்தில் இருக்கும்போது, கதை உண்மையிலேயே பின்னப்பட்டதா, ஒட்டுப்போட்டதா என்பது உடனே தெரிந்துவிடும். பச்சைக்குத்து இந்தச் சோதனையில் தேறுகிறது. பின்பாதியின் பெயர் மாற்றங்கள் தேறவில்லை. இருபது ஆண்டு காத்திருந்தவர்கள் அன்பின் காரணமாக மன்னித்ததைத் தொகுப்பைப் படிக்கும் இளைஞர் மன்னிக்கமாட்டார். அவர் தரும் தீர்ப்பும் நமக்குத் தேவை.

ஆகவே தொகுப்புகள் வரட்டும். ஆனால் ஒவ்வொரு பாகத்தின் தொடக்கத்திலும் அது மூலத்தில் வந்த ஆண்டையும், தமிழில் முதலில் வந்த இதழின் எண்ணையும் அச்சிட வேண்டும். ஒரு வரிதான், காகிதச் செலவு கிடையாது. அந்த இரண்டு எண்களும் இருந்தால், 1975-க்கும் 1980-க்கும் நடுவே டைகரின் முகம் ஏன் மாறியது என்பது புதிய வாசகருக்கும் புரியும். எண்ணை அழிக்காமல் வைப்பது எவ்வளவு தூரம் உதவும் என்பதற்கு இந்த நகரத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. அமர் சித்திரக் கதையின் ஆங்கில வரிசை 11-ஆம் எண்ணான கிருஷ்ணரிலிருந்துதான் தொடங்குகிறது. முதல் பத்து எங்கே என்ற கேள்விக்கு விடை பெங்களூரில். 1965-ல் இங்கிருந்த புத்தக விற்பனையாளர் ஜி.கே. அனந்தராம் முன்வைத்த யோசனையின்படி அவை கன்னடத்தில் வந்தன. பின்னாளில் ஆங்கில வரிசையை ஒன்றிலிருந்து எண்ணியிருந்தால், அனந்தராமைப் பற்றி யாருக்கும் கேட்கத் தோன்றியிருக்காது.